தைப்பூசமும் கழுத்து ஸ்கேனும்

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 52. 19 வருடமாகத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன். கழுத்துவலி என்று எம்ஆர்ஐ எடுத்ததில் ‘மூன்று இடத்தில் டிஸ்க் பல்ஜ், தேய்மானம், எலும்பு முள்’ என்று வந்திருக்கிறது. படித்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. இந்த வருடம் காவடியே கூடாது என்கிறாள் வீட்டுக்காரி. நீங்கள் ஸ்கேன் அறையில் இத்தனை வருடம் வேலை பார்த்தவர். என் டிஸ்க் கழன்றுவிட்டதா? ஆபரேஷன் வரை போகுமா?

கு.

அன்புள்ள தம்பி,

‘கழன்றுவிட்டது’ என்று அந்த ரிப்போர்ட்டில் எங்கேயும் இல்லை. பயத்தில் நீங்களாகச் சேர்த்துக்கொண்ட வார்த்தை அது. டிஸ்க் என்பது கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை; பல்ஜ் என்றால் அது கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது; எலும்பு முள் என்றால் எலும்பின் ஓரத்தில் வளர்ந்த சின்னத் துருத்தல். நான் படம் எடுத்தவள், டாக்டர் இல்லை. ஆனால் இந்த மூன்று வார்த்தைகளும் எத்தனை பேரைப் படுக்கவைத்திருக்கின்றன என்று பார்த்திருக்கிறேன்.

ஜப்பானில் கழுத்தில் ஒரு தொந்தரவும் இல்லாத 1211 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளிவந்த ஆய்வு. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே நாலில் மூன்று பேருக்கு அப்படி. உங்கள் வயதில் பிதுக்கமே இல்லை என்றால்தான் எனக்கு ஆச்சரியம். தலைமுடி நரைப்பது மாதிரிதான் இதில் பெரும்பாலானவை.

ஒரு அம்மா வருவார். ரிப்போர்ட்டில் ‘தேய்மானம்’ என்று பார்த்ததிலிருந்து கழுத்தைத் திருப்புவதையே விட்டுவிட்டார். பக்கத்தில் நின்று கூப்பிட்டால் இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பும் திரும்பும். கழுத்து வலிக்கிறதா என்று கேட்டேன். “வலியில்லை, உடைஞ்சிடுமோன்னு பயம்” என்றார். திருப்பாமல் வைத்திருந்ததில் தசையெல்லாம் கட்டையாக இறுகிக் கிடந்தது. அந்தக் காகிதத்தை எழுதியவர் இதற்காக எழுதவில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தார்கள். முதுகு ஸ்கேன் ரிப்போர்ட்டில், வலியே இல்லாதவர்களுக்கும் இதெல்லாம் எவ்வளவு சகஜம் என்று ஒரு பத்தி சேர்த்தார்கள். ஆய்வில் மொத்தம் சுமார் இரண்டரை லட்சம் பேர். 2020-ல் முடிவு வந்தது. ஓபியாய்டு என்னும் கடுமையான வலிமாத்திரை எழுதுவது கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். அப்புறமும் அலைச்சல் குறையவில்லை. ஒரு பத்தி போதாது தம்பி, எதிரே உட்கார்ந்து ஒருவர் சொல்ல வேண்டும்.

படம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். சிடி ஸ்கேனுக்குக் கணக்குப் போட்ட ஆலன் கார்மாக் நம் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். 1957-ல் கேப் டவுனில், மரம் சுற்றிய ஓர் அலுமினிய உருளை வழியாகக் கதிரைச் செலுத்திப் பார்த்தார். நடுவில் அளவு சற்று மாறி வந்தது. பட்டறையில் போய் விசாரித்தார். உருளையின் நடுவில் வேறு வகை அலுமினியத்தில் ஒரு முளை வைத்திருந்தார்களாம். 1979-ல் நோபல் வாங்கியவரே, அளவு காட்டியது என்னவென்று தெரிய பட்டறைக்கு நடந்து போக வேண்டியிருந்தது. உங்கள் விஷயத்தில் பட்டறை உங்கள் உடம்பு.

அதனால் இதையெல்லாம் பாருங்கள். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா? கையிலிருந்து கப்பு நழுவுகிறதா? இருட்டில் நடக்கும்போது கால் விறைத்துத் தள்ளாடுகிறதா? சிறுநீர் அடக்க முடியவில்லையா? கையை மூடித் திறந்து பாருங்கள், பத்து நொடியில் 20 தடவையாவது வர வேண்டும். அதற்குக் குறைந்தாலோ, மேலே கேட்டதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலோ தண்டுவடம் நசுங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். வலி இல்லாமலேகூட அப்படி நடக்கும். தைப்பூசம் வரை காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள். தோளிலிருந்து விரல் வரை மின்சாரம் மாதிரி வலி இறங்கிக் கை பலம் குறைந்தாலும் அதேதான்.

இதெல்லாம் இல்லை என்றால் ஆபரேஷன் பேச்சு உங்களுக்கு இப்போது வேண்டாம். ஆனாலும் காவடிக்குச் சரி என்று இங்கிருந்து நான் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் காவடியைப் பற்றிச் சொல்லுங்கள்: எத்தனை கிலோ, எந்தத் தோளில், வெயிலில் எத்தனை மணி நேரம். அவர் ‘பாரம் வேண்டாம்’ என்றால் பால் செம்பு எடுங்கள், முருகன் கோபிக்க மாட்டான். போகும்போது வீட்டுக்காரியையும் கூட்டிப்போங்கள். நீங்கள் கேட்க மறப்பதை அவர் கேட்பார்.

அன்புடன்,
அக்கா