லேசர் இல்லாமல் ஒளித்தொகுப்பின் சக்தி இடமாற்றத்தை ஆராயலாமா?

கிளிநொச்சி அறிவியல்நகரில் முதுநிலை ஆய்வு தொடங்குகிறீர்கள். பெம்டோசெக்கன் லேசர் (மிகமிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைத் தரும் லேசர்) இல்லாமல் நெல் இலையில் சக்தி இடமாற்றத்தை அளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். குளோரபில் பி தன் அருட்டல் சக்தியை, அதாவது ஒளியை உறிஞ்சிப் பெற்ற சக்தியை, குளோரபில் ஏ-யிடம் பிக்கோசெக்கன் (செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவில் கொடுத்துவிடும். அந்த வேகத்தை அளக்கத்தான் லேசர் வேண்டும். சக்தி கைமாறியதா, எந்த ஒளித்தொகுதிக்கு (ஒளிச்சக்தியைப் பயன்படுத்தும் புரத-குளோரபில் தொகுதி; ஒன்று, இரண்டு என இரு வகை) போனது என்று அறிய, உறிஞ்சிய பொருள் திரும்ப வெளிவிடும் ஒளியை அலைநீளவாரியாக அளக்கும் ஒரு நல்ல புளோரொளிர்வு நிறமாலைமானி போதும்.

ஒரே இலையில் இரண்டு மாதிரி எடுங்கள். 100 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் 80% அசற்றோனில் அரைத்து வடியுங்கள். இன்னொரு பங்கை, பிஎச் 7.6 தாங்கற் கரைசலில் 0.33 மோலார் சோர்பிற்றோல் சேர்த்து, பனிக்கட்டிக் குளிரில் அரைத்து, நான்கு மடிப்பு மசுலின் துணியில் வடித்து, குளோரபில் பதிந்திருக்கும் மென்சவ்வுகளைப் (தைலகொயிட்) பிரித்தெடுங்கள். நெல் இலையில் சிலிக்கா அதிகம், இலேசில் அரைபடாது. இளம் இலையைக் குறுக்காகப் பொடிப்பொடியாக வெட்டிய பிறகே உரலில் போடுங்கள்.

இப்போது குளோரபில் பி உறிஞ்சும் நீல ஒளியைப் பாய்ச்சுங்கள்: அசற்றோனுக்கு 460, மென்சவ்வுக்கு 475 நனோமீற்றர். அசற்றோனில் மூலக்கூறுகள் விலகி மிதப்பதால் பி தானே 650-ஐ அண்டி ஒளிரும். மென்சவ்வில் அந்த உச்சி இராது, 685-இல் ஏ மட்டும் ஒளிரும். இடமாற்றத்துக்கு இதைவிட நேரடியான சான்றை மாணவருக்குக் காட்ட முடியாது என்பேன். மென்சவ்விலும் 650-இல் ஒரு சிறு மேடு தெரிந்தால், அரைக்கும்போது சூடேறி ஒளியறுவடைப் புரதம் சிதைந்திருக்கும். உரலையும் கரைசலையும் முன்கூட்டியே குளிர்வித்து, திரும்பச் செய்யுங்கள்.

ஒளித்தொகுதி இரண்டையும் ஒன்றையும் பிரித்தறிய மாதிரியைத் திரவ நைதரசனில், 77 கெல்வினில் வைத்து அளக்க வேண்டும். ஒளித்தொகுதி இரண்டு 685, 695-இலும், ஒளித்தொகுதி ஒன்று 735-ஐ அண்டியும் ஒளிரும். பலர் வழுக்கும் இடம் இது. மாதிரி செறிவாக இருந்தால் 685 ஒளியை அயல் குளோரபில்லே விழுங்கிவிடும். அப்போது 735 பெரிதாகத் தெரிந்து, சக்தி ஒளித்தொகுதி ஒன்றுக்குப் போவதாகத் தவறாக எழுத நேரும். முழு இலையை உறையவைத்து அளப்பதிலும் இதே கோளாறு. மில்லிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் குளோரபில்லுக்குக் கீழே ஐதாக்குங்கள். இன்னும் பாதியாக ஐதாக்கியும் 735/685 விகிதம் மாறாவிட்டால்தான் நம்பலாம். செறிவு அறிய, 80% அசற்றோனில் எடுத்த அளவீட்டில்: மொத்தக் குளோரபில் = 17.76 × (646.6-இல் உறிஞ்சல்) + 7.34 × (663.6-இல் உறிஞ்சல்). விடை மில்லிலீற்றருக்கு மைக்ரோகிராமில் வரும்.

மாட்டு விந்தைச் சேமிப்பதும் திரவ நைதரசனில்தான். ஆகவே அது கிடைக்குமா என்று கால்நடைப் பக்கமும் விசாரியுங்கள். அது ஆவியாகிக்கொண்டே இருக்கும்; கொண்டுவரும்போது கலனை இறுக மூடாதீர்கள், வாகனக் கண்ணாடி திறந்திருக்கட்டும்.

வயலில் அளப்பதற்குப் பாம் (PAM) வகைப் புளோரோமீற்றர், அதாவது துடிப்பொளி பாய்ச்சி இலையின் புளோரொளிர்வை அளக்கும் கருவி, நல்லது. ஆனால் அது காட்டுவது சக்தியின் முடிவு: ஒளிவேதித் தாக்கமா, வெப்பமா என்பது. இடமாற்றப் பாதையை அது காட்டாது. இருட்டில் வைத்த இலையில் ஒளித்தொகுதி இரண்டின் உச்சத் திறனைக் காட்டும் விகிதம் எஃப்வி/எஃப்எம் (Fv/Fm). நலமான இலையில் அது 0.83-ஐ ஒட்டி வரும். கச்சான் காற்று வீசும் சிறுபோக மத்தியானத்தில் இலையை 30 நிமிடம் இருட்டில் வைத்தாலும் மதிப்பு குறைந்தே நிற்கலாம், ஏனெனில் ஒளித்தடையால், அதாவது மிகையொளியால், வந்த சேதம் ஆற மணிக்கணக்காகும். விடியுமுன் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, அதே இலையில் அளவிடுங்கள். நெல் இலை ஒடுங்கியது. இலையை இருட்டில் வைக்கப் பூட்டும் கவ்வியின் துளை இலையைவிட அகன்றிருந்தால் ஓரத்தால் வெளிச்சம் புகும், கறுப்பு நாடா ஒட்டித் துளையைச் சிறிதாக்குங்கள்.