ரீசார்ஜ் பில்லில் தெரியுமா வளம்?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று செல்போன், வைஃபை, ஓடிடி சந்தா எல்லாம் சேர்த்து மாதம் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் இதில் கால்வாசிகூட ஆனதில்லை. அரிசி, பருப்புக்குப் போன காசு இப்போது தகவலுக்குப் போகிறது என்றால், நாடு முன்னேறிவிட்டது என்றுதானே பொருள்? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் வீடு முன்னேறியிருக்கலாம், மகிழ்ச்சி. நாட்டுக்கு அந்த பில்லைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

வருமானம் ஏற ஏற, செலவில் உணவின் பங்கு இறங்கும் என்று 1857-லேயே எழுதிவைத்தவர் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் (மார்க்சின் நண்பர் எங்கெல்ஸ் வேறு ஆள்). இந்தியக் கிராமங்களில் அந்தப் பங்கு 2011-12-இல் 52.9 சதவீதம், 2022-23-இல் 46.38. அடுத்த ஆண்டே 47.04-க்கு ஏறிக்கொண்டது, அதையும் சேர்த்தே படியுங்கள். ஆனால், உணவு விட்டுப்போன இடத்தில் எது வந்து உட்கார்ந்தாலும் அது வளம்தான் என்று எங்கெல் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பில்லும் அங்கேதான் வந்து உட்காருகிறது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜிபி டேட்டாவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்கள், பல மாதங்கள் காலணா செலவில்லாமல் விடிய விடிய வீடியோ பார்த்தார்கள். உங்கள் அளவுகோலை வைத்தால், ஊரே இணையத்துக்குள் நுழைந்த அந்தக் காலத்தில்தான் நாடு ஏழையாகியிருக்க வேண்டும்! 2024 ஜூலையில் மூன்று பெரிய நிறுவனங்களும் கட்டணத்தை ஏற்றின. ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆனது. அதே போன், அதே 28 நாள், நாளுக்கு அதே ஒன்றரை ஜிபி. அன்று இரவோடு இரவாக நாம் பணக்காரர்கள் ஆனோமா?

அந்த 28 நாள் கணக்கையும் கவனியுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம், ரீசார்ஜோ பதின்மூன்று. முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட வேண்டியிருந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. 2018 இறுதியில், இன்கமிங் வந்துகொண்டிருக்க வேண்டுமானால் 28 நாளுக்கு ஒருமுறை 35 ரூபாயாவது போட வேண்டும் என்று செல்போன் நிறுவனங்கள் ஆரம்பித்தன. 2024 ஜூலையில் ஏர்டெல்லின் 28 நாள் அடிப்படைத் திட்டம் 199 ரூபாய். ஐந்தரை மடங்குக்கும் மேல். கூடவே டேட்டாவும் தருகிறார்கள், உண்மைதான். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி அந்த டேட்டாவை எதில் ஊற்றிக் குடிப்பார்? பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் வேண்டும் என்ற உத்தரவு 2024 டிசம்பரில்தான் வந்தது. அதற்காகப் போனைத் தூக்கிப் போட்டுவிடவும் அவரால் முடியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் ஓடிபி கேட்கிறார். வங்கியும் அந்த எண்ணுக்குத்தான் செய்தி அனுப்புகிறது. பாட்டி கட்டுவது தகவலுக்கான செலவா? என்னைக் கேட்டால் தலைவரி என்பேன், 18 சதவீத ஜிஎஸ்டியும் அதில் அடக்கம்.

இன்னொரு வேடிக்கை. 2011-12 நுகர்வுக் கணக்கெடுப்பில் செய்தித்தாள், பருவ இதழ்ச் செலவைக் கல்வியில் சேர்த்தார்கள். கேபிள் டிவியைப் பொழுதுபோக்கில். பத்திரிகைக்காரர்களான எங்களைக் கல்வியில் சேர்த்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். ஆனால் கையில் காசு இறுகும்போது வீட்டுக்காரர் முதலில் நிறுத்துவது பேப்பரைத்தான். செல்போனில் கைவைப்பது கடைசியில். கடைசி வரை வெட்ட முடியாத செலவை வைத்துக்கொண்டு வசதியை எப்படி அளப்பது?

அளந்தே தீர வேண்டும் என்றால், மொத்தத் தொகையை விட்டுவிட்டு உங்கள் தெரு ரீசார்ஜ் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். 84 நாளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் இப்போது 28 நாளுக்கு இறங்கியிருக்கிறார்கள், இரண்டாவது சிம்மை எத்தனை பேர் சாகவிட்டார்கள், வேலிடிட்டி முடிந்து எத்தனை நாள் கழித்துக் கடைக்கு வருகிறார்கள் என்று கேளுங்கள். கூலி எந்தக் கிழமை கைக்கு வருகிறது என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.