பறந்தால் ஒரு மனம், இறங்கினால் ஒரு மனம்

அன்புள்ள சார்,

தூர எதிர்காலத்தில் நடக்கும் அறிவியல் கதைகளை விடாமல் படிப்பவன் நான். நாலு கை, செவுள், இறக்கை, உடம்பே இல்லாமல் கணினிக்குள் வாழும் மனம் என்று என்னென்னவோ வருகின்றன. ஆனால் வாயைத் திறந்தால் எல்லோரும் நம்மைப் போலவே பேசுகிறார்கள். உடம்பு இவ்வளவு மாறினால் மனம் மாறாதா? இன்னொன்று, சூரியக் குடும்பம் முழுக்கப் பரவிய ஒரே மனத்தை வைத்து ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நம்பும்படி இருக்குமா?

உங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாறத்தான் வேண்டும். மாறாவிட்டால் அது பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி.

இதைச் சரியாகப் பிடித்தவர் ஆங்கில எழுத்தாளர் ஓலாஃப் ஸ்டேபிள்டன். அவருடைய ‘லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்’ நாவல் 1930இல் வந்தது. நம்மில் தொடங்கி, 200 கோடி ஆண்டுகளில் 18 மனித இனங்கள். கடைசி இனம் நெப்டியூனில் வாழ்கிறது. வசனம், நாயகன் என்று தேடாதீர்கள், கிடைக்காது.

அதில் வெள்ளிக் கிரகத்தில் வாழும் ஏழாவது இனம் பறக்கும். காற்றில் இருக்கும்வரை துக்கம்கூட அவர்களை அசைக்காது. தரையில் கால் வைத்ததும் அதே ஆள் சாதாரண ஆளாகிவிடுவார். பறக்கும் சுகம் இருக்கும்போது ஆராய்ச்சிக்கூடத்தில் யார் உட்காருவார்கள்? விஞ்ஞானம் தேய்கிறது. பறக்க முடியாமல் பிறந்தவர்கள் அதைக் கையில் எடுக்க, அங்கிருந்து பிளவு ஆரம்பிக்கிறது. ஓர் இறக்கையை வைத்துவிட்டு அது எங்கெல்லாம் இழுத்துப் போகிறது என்று விடாமல் பின்னாலேயே போயிருக்கிறார்.

நான்காவது இனம் இன்னும் சுவாரசியம். மூன்றாவது இனத்தார் உருவாக்கிய ராட்சத மூளைகள். கட்டடங்களுக்குள் இருந்துகொண்டு யோசிப்பதே வேலை. அறிய வேண்டியதையெல்லாம் அறிந்த பிறகு அவற்றுக்கே ஒரு குறை தெரிகிறது: எது மதிப்புள்ளது என்பது பிடிபடவில்லை. கடைசியில் முழு உடம்புள்ள ஐந்தாவது இனத்தை அவையே வடிவமைக்கின்றன. மனத்தைக் கணினியில் ஏற்றிவிட்டால் போதும் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

இதற்கு எதிர்காலம்வரைகூடப் போக வேண்டாம். ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. துண்டிக்கப்பட்ட கைகூடச் சிறிது நேரம் தொடுகைக்கு எதிர்வினை காட்டும். தொல்காப்பியர் உற்றறிவதை, அதாவது தொட்டு உணர்வதை, ஓரறிவு என்றார், நாவைச் சேர்த்தால் ஈரறிவு. ஆக்டோபஸ் தன் உறிஞ்சிகளால் தொடும்போதே ருசியும் பார்த்துவிடுகிறது. கை ஒன்று பாறை இடுக்கில் எதையோ ருசித்து முடிவெடுத்த பிறகு தலைக்குச் சேதி போனால், அங்கே ‘நான்’ என்பது யார்? இப்படி ஒரு பாத்திரம் நம்மைப் போலப் பேசவே முடியாது.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். அங்கே சிக்கல் தூரம். நம் மூளைக்குள் சேதி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக மில்லிநொடிகள்தான் ஆகும். ஒளி நிலவுக்குப் போகவே 1.3 நொடி, செவ்வாய்க்கு, அது இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம், நெப்டியூனுக்குச் சுமார் 4 மணி நேரம். நெப்டியூனில் இருக்கும் பாகம் பூமியிடம் ஒன்று கேட்டுப் பதில் வருவதற்குள் 8 மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் அது சொந்தமாக ஒரு முடிவுக்கு வந்து, அதற்குக் காரணமும் கண்டுபிடித்திருக்கும். கொஞ்ச காலத்தில் உங்கள் ஒரே மனம், பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் ஆகிவிடும்.

ஒன்றாகவே இருக்க வேண்டுமா? அப்படியானால் அதை மெதுவாக யோசிக்க வையுங்கள். ஒரு நினைப்பு முடிய மாதக்கணக்கில் ஆகட்டும். அது ஒரு விஷயத்தை யோசித்து முடிப்பதற்குள் இங்கே ஆட்சி மாறியிருக்கும். நானாக இருந்தால் இதைத்தான் எழுதுவேன். மனத்தோடு மனம் நேராகப் பேசும் டெலிபதி என்று ஒரு வார்த்தையைப் போட்டுத் தப்பித்துவிட மட்டும் வேண்டாம். ஸ்டேபிள்டன் கடைசி இனத்தாரை ஒரே மனமாகச் சேர்த்தது அப்படித்தான், எனக்கு அங்கே அவர்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு.

எழுதி முடித்ததும் அனுப்புங்கள்.