விமர்சனம் கதைச்சுருக்கமாகிவிட்டது என்பது பற்றி

வணக்கம். பூஞ்சணத் தொற்றால் உலகம் சிதைந்த பின்னரான கதையைச் சொல்லும் 'தி லாஸ்ட் ஒஃப் அஸ்' தொலைக்காட்சித் தொடரின் முதற் பருவத்து மூன்றாம் அங்கத்தைப் பற்றிப் பல்கலைக்கழகச் சஞ்சிகைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்ததை, "இது வெறும் கதைச்சுருக்கம்" என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும், எங்கே பிழைத்தது என்று விளங்கவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் இங்கே இட்ட பந்திகளை வாசித்தேன்; திருப்பியவர் சொன்னது சரிதான்.

2003 முதல் 2023 வரை, தப்பிப் பிழைத்து இணையராகிவிடும் பில், பிராங்க் இருவரின் வாழ்வை ஆண்டு வரிசையில் சொல்லிக்கொண்டு போகாமல், ஒரு காட்சியிலிருந்து தொடங்குங்கள். என் தெரிவு ஸ்ட்ரோபெரிக் காட்சி: பில்லின் துப்பாக்கியொன்றை இரகசியமாகக் கொடுத்து வாங்கிய விதைகளைப் பிராங்க் முளைக்கவைத்திருக்க, அந்தப் பழத்தைக் கடித்ததும், எவரையும் நம்பாத பில் குழந்தைபோலக் கிளுகிளுத்துச் சிரிக்கிறார். பூஞ்சணம் தொற்றியவர்கள் இந்த அங்கத்தில் ஏறக்குறைய வருவதேயில்லை. பயத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு ஸோம்பி (zombie) தொடர் எதனால் எங்களைக் கட்டிப்போடுகிறது என்ற கேள்விக்கு உங்கள் விமர்சனம் பதில் சொல்லவேண்டும்.

தொடருக்கு மூலமான வீடியோ விளையாட்டில் பில் உயிரோடிருக்க, பிராங்க் தூக்கிட்டு இறந்து கிடக்கிறார்; தொடரிலோ இருவரும் சேர்ந்து வாழ்ந்து ஒன்றாகவே இறக்கிறார்கள். இந்த மாற்றம் நியாயமா என்பதில் உங்கள் தீர்ப்பைத் தயங்காமல் எழுதுங்கள். எனக்கு நியாயமாகவே பட்டது, ஆனால் முடிவில் பில் விட்டுச்செல்லும் கடிதம் சற்றே அதிகம் பேசிவிடுகிறது.

எங்கள் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எரித்த ஜாம்போத்தல் விளக்கை நீங்கள் இந்த அங்கத்தோடு ஒப்பிட்டிருப்பது நல்ல வரி. அதை ஒரு வசனத்தோடு நிறுத்துங்கள்.