மெனுவில் விலையில்லாத இறால், பில்லில் வற் வரி

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன பிஸ்ட்ரோ திறந்திருக்கிறார்கள். பாஸ்தா, தாய்லாந்துக் கறி, மெக்சிக்கோ டாகோ எல்லாம் உண்டு. மூன்று பேர் போனோம். சாப்பாடு 6,200 ரூபா. சேவைக் கட்டணம் 620, வற் 1,227.60 என்று மொத்தம் 8,047.60 வந்தது. மெனுவில் தாய் இறால் கறிக்கு விலையே இல்லை, பில்லில் 2,900. இப்படி அறவிடலாமா?

பதில்: கூட்டல் பிழையில்லை. 10 வீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்து 6,820 ரூபாவுக்கு 18 வீதம் வற். நீங்கள் பார்க்க வேண்டியது பில்லின் தலைப்பக்கத்தை. வற்றுக்கு இறைவரித் திணைக்களத்தில் பதிந்த கடையென்றால் வற் இலக்கம் அங்கே இருக்கும். கடைசி நான்கு இலக்கமும் 7000. பதியாத கடை வற் என்று ஒரு சதமும் வாங்க முடியாது. ஆண்டு விற்பனை பல கோடி ரூபாவைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்பதால், நாலு மேசைக் கடை வற் போட்டால் எனக்குச் சந்தேகம் வரும். பிரதேச செயலக வியாபாரப் பதிவைக் காட்டிச் சமாளித்தால் விடாதீர்கள். அது வேறு, இது வேறு.

சேவைக் கட்டணம் வரியே அல்ல. மெனுவின் அடியில் எழுதியிருந்தால் தெரிந்துதான் சாப்பிட்டீர்கள். எங்கும் எழுதாமல் பில்லில் மட்டும் முளைத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். பரிமாறும் பிள்ளைகளோடு சண்டை பிடிக்காமல் முதலாளியோடு கதையுங்கள்.

இறாலுக்கு வருவோம். முல்லைத்தீவுக் கடல் குழம்பினால் விலை ஏறும், அது நியாயம். ஆனால் அன்றைய விலையைச் சட்டி அடுப்பில் ஏறுமுன் சொல்ல வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரி விலையைக் காட்சிப்படுத்த வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டும் தர வேண்டும்.

2,900 பெறுமதியா என்றால், கொத்துரொட்டிக் கடையோடு ஒப்பிடாதீர்கள். இருந்தாலும் நானென்றால் அந்த மெனுவில் இறால் கறியைத்தான் எடுப்பேன். இறால், தேங்காய்ப்பால், ரம்பை எல்லாம் இங்கேயே கிடைப்பவை. பாஸ்தாவுக்கு நல்ல சீஸ் இறக்குமதிச் சரக்கு. அதனால் சீஸில்தான் கடைக்காரர் கையைக் குறைப்பார்கள்.

முதலாளி மசியாவிட்டால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகாரசபை அலுவலகத்தில் 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள். பில்லை இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள், அந்தத் தாளில் எழுத்து கெதியில் மங்கிவிடும்.