எந்த இயங்குதளத்தை நம்புவது? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடி அருகே ஒரு கணினி மையம் நடத்தி வருகிறேன். சிட்டா, அடங்கல் எடுத்துத் தருவது, சம்பா பயிர்க் காப்பீட்டுக்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும் விவசாயிகளின் விவரங்களைப் பதிவு செய்வது, வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பது ஆகியவையே அன்றாட வேலை. என்னிடம் உள்ள நான்கு கணினிகளில் மூன்று விண்டோஸ் 7, ஒன்று விண்டோஸ் 10. லினக்ஸுக்கு வைரஸே வராது, அதற்கு மாறிவிடுங்கள் என்கிறான் பொறியியல் படிக்கும் என் அக்காள் மகன். மேக் கணினிதான் பாதுகாப்பானது என்கிறார் சென்னையில் இருக்கும் நண்பர். சர்வீஸ் செய்து தருபவரோ, நல்ல ஆன்டிவைரஸ் போட்டால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி? பழைய கணினிகளை மாற்ற நேர்ந்தால் அவற்றை விற்றுவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

மூவர் சொன்னதையும் பார்ப்பதற்கு முன், உங்கள் மேசையில் இருக்கும் மூன்று விண்டோஸ் 7 கணினிகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களைப் பொதுப் பயனாளர்களுக்கு வழங்குவதை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதன் பிறகு கண்டறியப்பட்ட ஓட்டைகள் உங்கள் கணினிகளில் அடைக்கப்படாமலே இருக்கின்றன. புதிய விண்டோஸுக்கு ஒரு திருத்தம் வெளியாகும்போது, அதைப் பிரித்துப் படித்து எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று தெரிந்துகொள்பவர்கள் உண்டு. அதே பழைய நிரல் விண்டோஸ் 7-லும் இருக்குமானால், அந்தத் திருத்தமே அவர்களுக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. ஆன்டிவைரஸ் என்பது, விண்டோஸ், லினக்ஸ் போலக் கணினியையே இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தின் மேல் நின்று வேலை செய்யும் ஒரு நிரல். அடியில் உள்ள ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. ஆகவே சர்வீஸ் செய்பவர் சொல்வதை நான் ஏற்கவில்லை.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னகிரை என்னும் புழு (கணினிக்குக் கணினி தானாகவே பரவும் தீய நிரல்), சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளைக்கூடத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அந்தப் புழு பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே, அதாவது ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளியாகியிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். ஆனால் அதே விண்டோஸ் 7-ஐ வைத்திருந்து, மார்ச் மாதமே திருத்தத்தை நிறுவிக்கொண்டவருடைய கணினிக்குள் அந்த ஓட்டை வழியாகப் புழு நுழைய முடியவில்லை. இயங்குதளங்களை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதற்குத் திருத்தம் இன்னும் வருகிறதா, வந்தால் அது இந்தக் கணினியை வந்தடைகிறதா?

உங்கள் அக்காள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. லினக்ஸ் பல குழுக்களால் பல வெளியீடுகளாகத் தரப்படுகிறது. அதில் மென்பொருள்கள் பெரும்பாலும் அந்தந்த வெளியீட்டின் களஞ்சியத்திலிருந்தே, மின்னணுக் கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வருகின்றன. ஏதோ ஓர் இணையதளத்தில் கிராக் (உரிமப் பூட்டை உடைக்கும் நிரல்) தேடி இறக்க வேண்டிய தேவை எழுவதில்லை. நம் ஊர்க் கணினி மையங்களில் உரிமம் இல்லாத விண்டோஸை இயக்குவதற்காகப் போடப்படும் ஆக்டிவேட்டர்களே தீய நிரல்கள் நுழையும் பெரிய வாசலாக இருப்பதைப் பார்க்கையில், இது சிறிய நன்மை அன்று. ஆனால் வைரஸே வராது என்பது தவறு. 2016-ல் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை முடக்கிய மிராய் என்னும் தீய நிரல், லினக்ஸில் இயங்கும் கண்காணிப்புக் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும்தான் குடியேறியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை வாங்கியவர்கள் மாற்றாமல் விட்டதே அதற்குப் போதுமானதாக இருந்தது. உங்கள் கடை வாசலில் கேமரா மாட்டியிருந்தால், அதன் கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. லினக்ஸ் வெளியீடுகளில் இடம்பெறும், கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் மென்பொருளின் பராமரிப்பாளரிடம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையை வளர்த்துக்கொண்ட ஒருவர், அதற்குள் ஒரு கள்ளக் கதவை வைத்தார். தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்று அதைக் கண்டுபிடித்தவர், மைக்ரோசாப்டில் பணிபுரியும் ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். மூலநிரல் (மென்பொருளை எழுதிய வரிகள்) யாரும் படிக்கும்படி திறந்திருந்ததால்தான் அவரால் தேடிப் பார்க்க முடிந்தது. அது திறந்திருந்தும் மற்றவர்கள் கண்ணில் படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேக் பற்றிச் சுருக்கமாக: 2012-ல் ஃபிளாஷ்பேக் என்னும் தீய நிரல் சுமார் 6 லட்சம் மேக் கணினிகளில் பரவியது. அது நுழைந்தது ஜாவா என்னும் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டை வழியாக. அதற்கு ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் நிறுவனம் பிப்ரவரியிலேயே திருத்தம் தந்துவிட, ஆப்பிள் தன் பயனாளர்களுக்கு அதை ஏப்ரலில்தான் கொடுத்தது. அதன் பிறகு ஆப்பிள் பெரிதும் மாறியிருக்கிறது. எனினும் உங்கள் வேலைக்கு மேக் வாங்கும் செலவு தேவையற்றது என்பதே என் கருத்து.

உங்கள் கடையில் காக்க வேண்டியது எது என்று எண்ணிப் பாருங்கள். காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது, கூட்டத்தைச் சமாளிக்க ஆதார், வங்கிப் புத்தகம், சிட்டா எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, கணினியில் இறக்கி, அச்சிட்டுப் பதிவேற்றுகிறீர்கள். அவை அத்தனையும் டவுன்லோட்ஸ் கோப்புறையில் தங்கிவிடுகின்றன. இயங்குதளத்தின் உட்பகுதியை நிர்வாகி உரிமை (கணினியின் அமைப்பையே மாற்றும் அனுமதி) கொண்டு காப்பதில், லினக்ஸ், மேக் போன்ற, யூனிக்ஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் வழிவந்தவை முன்னோடிகள். விண்டோஸும் 2007-ல் வெளியான விஸ்டாவிலிருந்து அதை வீட்டுக் கணினிகளில் வலியுறுத்தத் தொடங்கியது. ஆனால் உங்கள் கணக்கில் இயங்கும் ஒரு தீய நிரலுக்கு, அந்தக் கோப்புறையைப் படிக்க நிர்வாகி உரிமையே வேண்டியதில்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் பொதுவான நிலை இதுதான். மேக் 2019-லிருந்து அத்தகைய கோப்புறைகளைத் தொடும் நிரலுக்கு அனுமதி கேட்கிறது. கைப்பேசி இயங்குதளங்களோ ஒவ்வொரு செயலியையும் தனித்தனி அறையில் அடைத்தே வைக்கின்றன. ஆகவே எதற்கு மாறினாலும், வேலை முடிந்த அன்று மாலையே அந்தக் கோப்புகளை அழித்துவிடுங்கள். ஒரு விவசாயியின் ஆதாரும் வங்கிக் கணக்கு எண்ணும் தவறானவர் கையில் சேர்ந்தால் இழப்பு அவருக்குத்தான். உங்களை நம்பித்தான் அவர் தருகிறார்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், மூன்று பழைய கணினிகளிலும் லினக்ஸ் மின்ட் என்னும் லினக்ஸ் வெளியீட்டை நிறுவுவேன். ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்தாண்டுகள் திருத்தம் வரும். முதலில் அதைப் பென் டிரைவிலிருந்தே இயக்கி, உங்கள் பிரிண்டரும் கைரேகைக் கருவியும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். கைரேகைக் கருவி இயங்காவிட்டால் அந்த வேலைக்கென்று உரிமத்தோடு ஒரு விண்டோஸ் 11 கணினி வைத்துக்கொள்வதில் தவறில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான திருத்தங்களும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், நான்காவது கணினியைப் பற்றியும் இப்போதே முடிவெடுக்க வேண்டும். அதன் பிராசசர் பழையதாக இருந்தால் விண்டோஸ் 11 அதை ஏற்காது.

பழைய கணினிகளை விற்பதானால், கோப்புகளை அழிப்பதோ விண்டோஸை மீண்டும் நிறுவுவதோ போதாது. அப்படி அழித்தவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஹார்ட் டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழிக்கும் கருவியைக் கொண்டு ஒருமுறை அழித்த பிறகு கொடுங்கள். அது இயலாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் விற்றுவிடுங்கள். விலை சில நூறு ரூபாய் குறையும், அவ்வளவுதான்.

அன்புடன்.