பதவி உயர்வுத் தேர்வு எழுதினால் பெருமையா?

சகோதரரே, வங்கியில் மேலாளர் தேர்வு எழுத நினைக்கிறீர்கள். சபையில் ஒரு மூப்பர் வேதத்தில் எரேமியா புத்தகத்தின் 45ஆம் அதிகாரத்தைக் காட்டி, "உனக்குப் பெரிய காரியங்களைத் தேடாதே" என்று தடுத்துவிட்டார். இதுதானே குழப்பம்?

அந்த அதிகாரம், எருசலேம் அழியப்போகிற நேரத்தில் எரேமியாவின் எழுத்தரான பாருக்குக்குச் சொன்னது. எல்லாப் பதவிக்கும் அதைத் தடையுத்தரவாக எடுக்க முடியாது. மாற்கு 10ஐப் பாருங்கள். யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்கிறார்கள். மற்ற பத்துச் சீஷர்களுக்கும் எரிச்சல். (அது தாழ்மையால் வந்த எரிச்சலாக எனக்குத் தோன்றவில்லை!) பெரியவனாக விரும்புவதையே இயேசு கண்டிக்கவில்லை, அப்படி விரும்புகிறவன் பணிவிடை செய்யட்டும் என்கிறார்.

நம் வேலூர் ஐடா ஸ்கடர் மிஷனரி குடும்பத்தில் பிறந்தும் மிஷனரியாக விரும்பாதவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததை அறிந்துதான் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் மருத்துவமனை தொடங்கியவர், 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியையே தொடங்கிவிட்டார். இது சின்ன ஆசையா என்ன?

விண்ணப்பம் போடுங்கள். இடமாற்றம் வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் முதலில் பேசிவிடுங்கள். அப்புறம், உங்களுக்கு ஜூனியர் ஒருவர் தேறி, நீங்கள் தேறாமல் போனால், மனம் கசக்காமல் அவருக்குக் கீழே வேலை செய்வீர்களா? அதை இப்போதே ஜெபத்தில் வையுங்கள்.